பழைய காடிக்கு எதுக்கு சென்சர்?

நான் தைச்சுக் கொண்டுபோன பிளவுஸை பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக் கடை அக்கா மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தாங்க. பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, அப்படியே தரை பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு.

"என்னம்மா இது, பெட்ரோல் ஸ்டேஷன்ல உக்காந்து தைச்சியா?"

"இல்லக்கா, நான் ஓட்டிட்டு வர்ற காடியில ஒரு சின்னக் கோளாறு..."ன்னு இழுத்தேன்.

"சின்னதோ பெருசோ, போன வாட்டியும் இதேதான். வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து என் மேசையில வச்சுட்டுப் போறாங்க. இன்னொரு தடவை இந்த நாத்தம் வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காதம்மா."

மெதுவாத்தான் சொன்னாங்க. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அதுல நான் சளைச்சவ இல்ல. மெதுவா சொன்னா என்ன பண்றது? தலைய ஆட்டிட்டு, அடுத்த வேலைக்கான துணிய வாங்கிட்டு வெளிய வந்தேன். அது ஒரு கல்யாண செட். பொண்ணுக்கு ஒண்ணு, பொண்ணோட அக்கா தங்கச்சிங்களுக்கு, அம்மாவுக்குன்னு எல்லாமே ஆரி ஒர்க். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை கொடுக்கணும்.

நான் கிள்ளான்ல வீட்டுலயே தைக்கிறவ. அக்கம்பக்கத்து வேலையும் வரும், ஆனா சோறு போடறது அந்தப் புடவைக் கடைதான். அந்தக் கடை கைவிட்டா நான் பழையபடி பள்ளிக்கூட சீருடைக்குப் பித்தான் தைக்கணும். அந்தக் காலத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேன், அது மட்டும் எனக்குத் தெரியும்.

ரயில்ல போகலாமேன்னு கேப்பாங்க. போயிருக்கேன். மணி வச்சு, கல் வச்சு, கை முழுக்க ஜரிகை ஓட்டின பிளவுஸை மடிக்கக் கூடாது, தொங்கவிட்டுத்தான் கொண்டுபோகணும். ஒருநாள் கூட்டத்துல ஒரு மனுஷன் முதுகுப்பைய இழுத்த இழுப்புல ஒரு முழுக் கை வேலையும் நூலா வந்துடுச்சு. பிளாஸ்டிக் உறையில இறுக்கக் கட்டி வச்சுப் பாத்தேன், உள்ள வேர்த்து ஜரிகை கறுத்துப்போச்சு. அதனாலதான் நானே சம்பாதிச்சு, நானே தேடி ஒரு பழைய காடி வாங்கினேன். பின் சீட்டுல ஒரு கம்பி கட்டி, வரிசையா பிளவுஸைத் தொங்கவிட்டு, ஃபெடரல் ஹைவேயில ராணி மாதிரி போவேன்.

அந்த ராணிக்கு ஆப்பு வச்சவரு எங்க வீட்டுக்காரர்.

அவரு துறைமுகத்துல கிரேன் ஓட்டறவரு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, நல்ல மனுஷன். ஆனா இன்ஜின்னு சொன்னா போதும், சோத்தை மறந்துடுவாரு. தங்கச்சிக்கு ஆபரேஷன்னு நான் அவ ஊரு டெங்கிலுக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். திரும்பி வந்து சாவியத் திருப்பினா, என் காடி உறுமுது! நான் பயந்து காலைத் தூக்கிட்டேன். இவரு வாசல்ல நின்னு சிரிக்கிறாரு. "உனக்காகத்தாம்மா. சர்ப்ரைஸ்!"

ஜப்பான்ல ஓடின பழைய காடிங்கள முன்பாதியா வெட்டி இங்க கொண்டாந்து விப்பாங்க. ஹாஃப்-கட்டுன்னு சொல்வாங்க. அப்படி ஒரு பாதிக் காடிய வாங்கி, அதுல இருந்த பெரிய இன்ஜினையும் அதோட கம்ப்யூட்டரையும் என் காடியில ஏத்தியாச்சு. அது போதாதுன்னு, புகை வெளிய போற இரும்புக் குழாயையும் கழட்டிட்டு, பளபளன்னு நாலு கால் வச்ச எக்ஸ்ட்ரெக்டர்னு ஒண்ண மாட்டியாச்சு. சட்டப்படி செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சாம், அதுல அவரைக் குறை சொல்ல முடியாது. என்னைக் கேக்கணும்னு மட்டும் தோணலை.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் முதல்ல பிடிச்சுத்தான் இருந்துச்சு. சுங்கை வே பக்கம் மேட்டுல ஏறும்போது பக்கத்து லோரி எல்லாம் பின்னாடி போகும். எனக்குள்ள ஒரு திமிரு. ஆனா ரெண்டே வாரத்துல தெரிஞ்சுபோச்சு, இது குடிக்கிற குடி சாதாரணக் குடி இல்லன்னு. எக்ஸோஸ், அதான் பின்னாடி புகை போற குழாய், அது வாயில விரல விட்டா மை மாதிரி கரி. ஜாம்ல நின்னா எரியாத பெட்ரோல் நாத்தம் பின் கதவு ரப்பர்ல இருக்கற ஓட்டை வழியா உள்ள வரும். பட்டு இருக்கே பட்டு, அது எல்லா நாத்தத்தையும் வாங்கி வச்சுக்கும்.

அன்னைக்குக் கடையிலேருந்து வந்ததும் பொனட்டைத் திறந்து பாத்தேன். எக்ஸ்ட்ரெக்டர்ல, நாலு குழாயும் சேர்ற இடத்துல ஒரு ஓட்டை, அதுல ஒரு போல்ட்டு. பக்கத்துல ஒரு ஒயர், அனாதையா, டேப்பு சுத்தித் தொங்குது.

"என்னங்க இது?"

"ஆக்சிஜன் சென்சர் இருந்த இடம்மா. செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

"புதுசு போடலையா?"

"பழைய காடிக்கு எதுக்கு சென்சர்? அதெல்லாம் கம்பெனிக்காரன் ஊருக்குக் காட்ட வைக்கிறது. இன்ஜின் மாத்தியாச்சு, எக்ஸ்ட்ரெக்டர் மாத்தியாச்சு, இனிமே அது தேவையே இல்ல. எங்க குரூப்புல யாருமே வைக்கிறதில்ல, தெரியுமா?"

அவரோட குரூப்பு. ஞாயித்துக்கிழமை ஆனா பழைய காடிங்கள வரிசையா நிறுத்தி வச்சு, பொனட்டைத் திறந்து, ஆளுக்கொரு கிளாஸ் தே தாரேக் டீய வச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கற கூட்டம். அவங்க சொல்லிட்டா இவருக்கு அது வேதம்.

எனக்கு ஆரி ஒர்க்ல ஒரு வசதி. கையும் கண்ணும்தான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். மத்தவங்க நாடகம் கேப்பாங்க. நான் அந்த வாரம் பூரா காடி ரிப்பேர் வீடியோ கேட்டேன். தமிழ்ல, மலாய்ல, எனக்குப் பாதிதான் புரியற இங்கிலீஷ்ல. கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் தெளிவாச்சு. அந்த சென்சர் காடியோட மூக்கு. வெளிய போற புகைய மோந்து, பெட்ரோல் கூடுதா குறையுதான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அதைக் கேட்டு கம்ப்யூட்டர் ஊத்தற அளவ மாத்தும். மூக்கே இல்லன்னா அது கண்ண மூடிக்கிட்டு உப்புப் போடற சமையல்தான். இன்ஜின் சூடாகி வீணாயிடக் கூடாதேன்னு கொஞ்சம் தாராளமாவே ஊத்தும்.

கம்ப்யூட்டரையே மாத்தி, மூக்கு இல்லாமலே ஓடற மாதிரி அளவெல்லாம் புதுசா எழுதி வச்சிருந்தா அது வேற கதை. பெடலை முழுசா மிதிக்கும்போதும் கம்ப்யூட்டர் மூக்கு சொல்றதக் கேக்காது. குரூப்புக்காரங்க சொல்றது அதுக்குச் சரி, ஏன்னா அவங்க ஓட்டறது பந்தயம். நான் ஓட்டறது ஃபெடரல் ஹைவே ஜாமுங்க! அரைப் பெடல்ல, கால் பெடல்ல, நின்னு நின்னு போறவ. எனக்குத்தான் அந்த மூக்கு வேணும்.

இதை அவருகிட்ட சொன்னேன். "நீ எப்பம்மா மெக்கானிக் ஆன?"ன்னு சிரிச்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

அவரு வேலைக்குப் போன நேரமாப் பாத்து காடிய எடுத்துக்கிட்டு ஸ்ரீ கெம்பாங்கான்ல இருக்கற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்க இருக்கற சீன பாஸ்கிட்டதான் இவரு இன்ஜின் ஏத்தினாரு. "பாஸ், சென்சர் போடணுமா, வேணாமா? ஒரே பேச்சா சொல்லுங்க"ன்னு கேட்டேன். அவரு தலையச் சொறிஞ்சாரு. "போட்டாலும் போலே லா அக்கா. போடலைன்னாலும் போலே." போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரியாம், இதுக்கு நான் கிள்ளான்லேருந்து வரணுமா? "அப்போ போடுங்க"ன்னேன். போல்ட்டைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, புது சென்சரை மாட்டி, அனாதை ஒயரையும் சேர்த்துவிட்டாரு.

மறுநாளே தெரிஞ்சுது. காடி சத்தமே மாறிப்போச்சு. ஜாம்ல நிக்கும்போது கண்ணாடிய இறக்கி நல்லா இழுத்து மூச்சு விட்டேன். நாத்தம் இல்ல! அன்னைக்கு சாயந்திரம் இவரு சாப்பிட உக்காந்தாரு. எக்ஸோஸ் வாயில வெள்ளைத் துணியால ஒரு துடை துடைச்சு, அந்தத் துணிய அவரு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். அவ்வளவு சுத்தம். "புது சென்சர் போட்டாச்சு"ன்னேன். பாத்தாரு, ரசத்தை ஊத்திக்கிட்டாரு.

அந்த சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை காய்கறி வாங்க பாசார்ல நிறுத்திட்டு இறங்கறேன், மறுபடியும் அதே நாத்தம். விரல விட்டுப் பாத்தா கரி.

இவருக்குக் கொண்டாட்டம். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். புது சென்சர் போட்டும் அதே கதைதான். இந்த இன்ஜினுக்கு அது ஒத்துக்காதும்மா. நாளைக்கே கழட்டிட்டு போல்ட்டைப் போட்டுடறேன்."

"போல்ட்டுல கைய வச்சீங்க, அப்புறம் தெரியும்"னு சொல்லிட்டு உள்ள போய்த் தையல் மிஷின்ல உக்காந்தேன். உண்மையச் சொன்னா அழுகை வந்துச்சு. கல்யாண செட்டுல பொண்ணோட பிளவுஸ் பாதி முடிஞ்சிருக்கு, முதுகுல ஒரு ஜோடி அன்னம், என் வாழ்க்கையில இவ்வளவு நல்லா நான் போட்டதே இல்ல. அதைக் கொண்டுபோய் நாத்தத்தோட கொடுத்து, அக்கா மூக்கச் சுளிச்சு, அத்தோட எல்லாம் முடிஞ்சுடுமேன்னு பயம். அப்புறம் அந்த அழுகையே கோவமா மாறிடுச்சு. மூணு நாள் நல்லா ஓடின சாமான் நாலாவது நாள் எப்படிக் கெடும்? ஒத்துக்காத இன்ஜின்னா முதல் நாளே ஒத்துக்கக் கூடாது இல்ல?

திங்கக்கிழமை அவரு வேலைக்குப் போனதும் என் மீட்டரை எடுத்தேன். தையல் மிஷின் மோட்டாருக்குக் கரன்ட் வருதான்னு பாக்க நானே ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வீடியோவுல சொன்னபடி இன்ஜினை நல்லா சூடாக்கி, கறுப்பு முனைய பேட்டரியோட நெகட்டிவ்லயும், சிவப்பு முனைய சென்சர் ஒயர்லயும் வச்சேன். நல்ல சென்சர்னா அந்த எண்ணு மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கணும். இது ஆடவே இல்ல. அடியில படுத்துக்கிடந்துச்சு.

அடியில கிடந்தா என்ன அர்த்தம்? பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். இங்க நாத்தம் குடலைப் பிடுங்குது, இந்த மூக்கு பத்தலை பத்தலைன்னு சொல்லுது, அந்தக் கம்ப்யூட்டரும் பாவம், அதை நம்பி இன்னும் இன்னும் ஊத்துது. ஆக மூக்கு பொய் சொல்லுது. ஏன்?

அப்பதான் ஒரு வீடியோவுல கேட்டது ஞாபகம் வந்துச்சு. இந்த சென்சர் புகைய மட்டும் மோந்து பாக்கறதில்ல. வெளிக்காத்தையும் மோந்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் சொல்லும். அதனால வெளிய தெரியற பக்கத்துலயும் அதுக்கு மூச்சு விட வழி இருக்கணும். கிரீஸ், பசைன்னு அந்த வழிய எது அடைச்சாலும் அது தப்புத்தப்பா சொல்ல ஆரம்பிச்சுடும்.

இன்ஜினை நிறுத்திட்டுக் குனிஞ்சு பாத்தேன்.

சென்சர் தலையில, ஒயர் உள்ள போற இடத்தைச் சுத்தி, தடியா, வடை மாதிரி கருகிப்போய், ஒரு பொட்டு. சந்தனம்! அதுக்கு நடுவுல குங்குமம் வேற.

ஐயோ கடவுளேன்னு அங்கயே உக்காந்து சிரிச்சேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன். வேலி ஓரமா போன பக்கத்து வீட்டு ஆன்டி "என்னம்மா ஆச்சு?"ன்னு நின்னு பாத்துட்டுப் போனாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைன்னா காடிக்குப் பூசை பண்ணியாகணும். கற்பூரம் காட்டி, பொனட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பொட்டு வச்சு மூடினாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். புது சாமான் ஏதாவது வந்திருந்தா அதுக்குத் தனி மரியாதை, முதல் பொட்டே அதுக்குத்தான். இந்த எக்ஸ்ட்ரெக்டர் முன்பக்கமா இருக்கறதால, பொனட்டைத் திறந்ததும் புது சென்சர்தான் பிள்ளையார் மாதிரி நிமிந்து நிக்குது. விடுவாரா? டப்பா சந்தனத்தை, அதுதான் எண்ணெயும் வாசனையும் கலந்து கெட்டியா விக்கறாங்களே, அதை மூணு விரலால எடுத்து அப்பியிருக்காரு. இன்ஜின் சூட்டுல அது உருகி, மூச்சு விடற சந்துல எல்லாம் இறங்கி, அப்படியே சுட்டு இறுகிடுச்சு. வேணாம் வேணாம்னு சொன்ன சாமானுக்குப் பொட்டு மட்டும் வைக்காம இருக்க மனசு வரலை மனுஷனுக்கு!

காடி ஆறினதும் தையல் பிரிக்கிற கொக்கிய எடுத்தேன். பிளவுஸ்ல பட்டு நூல் அறுபடாம ஒத்தத் தையலைப் பிரிக்கிற கை இது, சந்தனம் எம்மாத்திரம்? துணுக்குத் துணுக்கா பேத்து எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால தேச்சு, மிச்ச எண்ணெய் எரியட்டும்னு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். மறுபடியும் மீட்டரை வச்சேன். முதல்ல எண்ணு சும்மா கிடந்துச்சு. அப்புறம் மெல்ல ஏறுச்சு, இறங்குச்சு, திரும்ப ஏறுச்சு. ஆட ஆரம்பிச்சுடுச்சு! நான் வாசல்னும் பாக்காம கையத் தட்டினேன்.

இவரு வேலை முடிஞ்சு வந்ததும் சட்டையக் கூட மாத்தவிடலை. பொனட் முன்னாடி நிறுத்தி, மீட்டரைக் காட்டினேன். "ஆடுதே!"ன்னாரு. உள்ளங்கைய விரிச்சு அந்தக் கருகின பொட்டைக் காட்டினேன்.

"என்னம்மா இது?"

"நீங்க வச்ச சந்தனம். இதுதான் மூக்கை அடைச்சு வச்சிருந்துச்சு."

வாங்கி மோந்து பாத்தாரு. கருகியும் அதுல இன்னும் வாசனை இருந்துச்சு. முகம் போன போக்கைப் பாக்கணுமே. "பொட்டு வச்சா கெட்டுப்போகுமா? சாமி காரியமாச்சேம்மா."

"வைங்க, நானா வேணாங்கறேன்? பொனட் மேல வைங்க, ஸ்டீரிங்ல வைங்க, உங்க நெத்தியில அரை டப்பா அப்பிக்குங்க. அதோட மூக்குல மட்டும் வைக்காதீங்க!"

"அப்போ... சென்சர் வேணும்கறே?"

"எல்லா காடிக்கும் நான் சொல்ல வரலை. இந்தக் காடிக்கு, இந்தக் கம்ப்யூட்டர் இருக்கற வரைக்கும், வேணும்."

மீட்டரை வாங்கி அவரே ஒரு தடவை வச்சுப் பாத்தாரு. அப்புறம் "சரிம்மா"ன்னு ஒரே வார்த்தை. உள்ள போய் அந்த போல்ட்டைக் கொண்டாந்து குப்பையில போட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்ஜின் விஷயத்துல அந்த மனுஷன் எங்கிட்ட சரின்னு சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயித்துக்கிழமை செட்டைக் கொடுக்கப் போகும்போது அவரும் கூட வந்தாரு. குரூப்புக்குப் போகலை. நான்தான் ஓட்டினேன். ஜாம்ல நிக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பி பின் சீட்டை மோந்து பாத்துக்கிட்டே வந்தாரு. "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல"ன்னு என்னமோ எனக்கு அவரு தைரியம் சொல்ற மாதிரி.

கடைக்குள்ள நுழைஞ்சா, கல்யாணப் பொண்ணும் அவங்க அம்மாவும் ஏற்கெனவே வந்து உக்காந்திருக்காங்க. கடை அக்கா பொண்ணோட பிளவுஸை வாங்கினாங்க, திருப்பினாங்க, மூக்குகிட்ட கொண்டுபோனாங்க. என்னைப் பாத்தாங்க. பொண்ணுகிட்ட நீட்டினாங்க. "போட்டுப் பாரும்மா."

திரைக்குப் பின்னாடி போன பொண்ணு வெளிய வந்து கண்ணாடி முன்னாடி முதுகைத் திருப்பி நின்னுச்சு. அந்த ஜோடி அன்னம் அதோட முதுகுல அப்படி உக்காந்திருந்துச்சு. பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அம்மாக்காரி எழுந்து வந்து வேலைய விரலால தடவிப் பாத்துட்டு, "யாரு தைச்சது இது?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குக் கடையில எப்பவும் ஒரே பதில்தான். "எங்க ஆளு"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க. தையல்காரி யாருன்னு தெரிஞ்சா வாடிக்கை நேரா அவகிட்டயே போயிடும் இல்ல? எல்லாக் கடையிலயும் அப்படித்தான், நான் தப்பா நினைச்சதில்ல. நான் எப்பவும் மூட்டை கொண்டுவந்த ஆளு மாதிரி ஓரமா நிப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் நின்னேன்.

கடை அக்கா வாயத் திறக்கறதுக்குள்ள, கை நிறைய மத்த பிளவுஸுங்களத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க வீட்டுக்காரரு, துறைமுகத்துல கத்திப் பேசிப் பழகின குரல்ல, கடை பூரா கேக்கற மாதிரி சொன்னாரு:

"இவதாங்க தைச்சா. என் பொண்டாட்டி. இதைக் கொண்டாந்த காடி இன்ஜினையும் இவதான் சரி பண்ணா. எனக்கே தெரியலைங்க, இவதான் கண்டுபிடிச்சா."

கடையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியலை. கடை அக்கா ஒரு நிமிஷம் அவரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அப்புறம் அவங்களே சிரிச்சுட்டாங்க. "ஆமா, இவங்கதான்"னு சொல்லி, என் தோளைப் பிடிச்சு முன்னாடி தள்ளி, அந்த அம்மாகிட்ட நிறுத்தினாங்க.

அந்தப் பொண்ணு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு. நான் தலை நிமிந்து நின்னேன்.